இரண்டாவது ரவுண்டு

கோடைக்கானல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவர் வேறு யாருமல்ல, என் நாத்தனார்தான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு நாங்கள் மலையேறியிருந்தோம். நாத்தனாரின் எட்டு வயதுப் பேத்தியும் கூட வந்திருந்தாள். ஏரியின் மேல் மூட்டம் இறங்கிக் கொண்டிருந்தது. குழந்தை குதிரைச் சவாரி கேட்டாள். வெள்ளைக் குதிரை ஒன்றைப் பேசி, அவளை ஏற்றிவிட்டோம். குதிரைக்காரரின் மகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனான். நாங்கள் இருவரும் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தோம்.

இந்த அழகான வேளையில்தான் நாத்தனார் பெருமூச்சு விட்டார். "ஏண்டி, அங்கே இப்போ இருக்காரே அந்த மனுஷர், அவரே மறுபடியும் வந்துடுவாரோ?"

அங்கே என்றால் அமெரிக்கா. நாத்தனாரின் மூத்த பிள்ளை டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனிகள் எச்-1பி விசா மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்ததல்லவா? அன்று முதல் அவருக்குத் தூக்கம் இல்லை. பிள்ளை ஏற்கனவே அங்கே இருப்பவன், அவனுக்கு இது பொருந்தாது என்று எத்தனை சொன்னாலும் தாய் மனசு கேட்குமா? வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தால் மாம்பலத்தில் ஒரு வீட்டில் அடுப்பு அணைகிறது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை இன்று இதுதான்.

"வர முடியாது அக்கா. சட்டம் இடம் கொடுக்காது" என்றேன்.

உண்மைதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 22-வது திருத்தம் 1951-ல் அமலுக்கு வந்தது. எவரையும் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932, 1936, 1940, 1944 என்று நான்கு முறை தொடர்ந்து ஜெயித்துவிட்டார். 'இனி இப்படி வேண்டாம்' என்று அங்குள்ளவர்கள் போட்டுக்கொண்ட வேலி இது. டிரம்ப் 2016-ல் ஒருமுறை ஜெயித்தார், 2020-ல் தோற்றார், 2024-ல் மறுபடியும் ஜெயித்தார். ஆக, கணக்கு முடிந்தது.

நாத்தனார் இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "சரி, அவருக்கு அடுத்தாப்போலே ஒருத்தர் வருவார். நாலு வருஷம் நாற்காலியிலே உட்காருவார். அப்புறம்? எழுந்து போன்னு சொல்லுவாளா, இன்னொரு நாலு வருஷம் இருன்னு சொல்லுவாளா? அதை முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்றிருந்த குதிரைக்காரர் குறுக்கிட்டார்.

"நான் சொல்றேம்மா. முத ரவுண்டுக்கு வர்றவங்க குதிரை எம்புட்டு அழகா இருக்குன்னு பாப்பாங்க. ரெண்டாவது ரவுண்டுக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்க. தன்னோட இடுப்பு வலிக்குதா, வலிக்கலையா, அதைத்தான் பாப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய பெரிய சர்வகலாசாலைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை இந்த மனிதர் கடலை உரிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாரே!

அந்த வாக்கை உரைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வாருங்கள், குழந்தை ஏரியைச் சுற்றி வருவதற்குள் நாமும் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

ஏரி பிறந்த நாளில்

அமெரிக்காவைப் பற்றிக் கோடைக்கானலில் பேசுவது பொருத்தமில்லாத காரியம் என்று எண்ண வேண்டாம். ஊட்டியை இங்கிலீஷ்காரர்கள் வளர்த்தார்கள். கோடைக்கானலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களோ அமெரிக்கர்கள். மதுரையில் வேலை செய்து வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தவித்தார்கள். குளிர்ந்த இடம் தேடிப் பழனி மலை மேல் ஏறி, 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று அவற்றுக்குப் பெயர். அந்த நாளில் மோட்டார் சாலை ஏது? பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியில்தான் பிரயாணம். 1901-ல் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னாளில் கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலாக வளர்ந்தது.

ஏரி மட்டும் இங்கிலீஷ்காரர் கைவரிசை. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் என்பவர் 1863-ல் ஓடைகளை மறித்து இதை உண்டாக்கினார். நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக் கிடக்கும் இந்த ஏரி, இயற்கையாக அமைந்தது அல்ல.

அந்த 1863-ம் வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏரியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அங்கே அமெரிக்காவில் அண்ணன் தம்பி யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறை இருக்க வேண்டுமா, ஒழிய வேண்டுமா என்பதற்காக வடக்கும் தெற்கும் வெட்டி மடிந்தன. அமெரிக்கப் பஞ்சு கப்பலேற வழியில்லாமல் போனதால் நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு ஏகக் கிராக்கி! தூத்துக்குடித் துறைமுகத்தில் விலை ஏறியது.

அடுத்த வருஷம், 1864-ல், ஆபிரகாம் லிங்கன் இரண்டாவது முறையாகத் தேர்தலுக்கு நின்றார். இன்றைக்கு அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு அவர் தோற்கப் போகிறார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. அவருக்கு முன் முப்பத்திரண்டு வருஷங்களாக எந்த ஜனாதிபதியும் இரண்டாவது முறை ஜெயித்ததில்லை. யுத்தம் முடிகிற வழியாக இல்லை. பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு இல்லை. எதிர்த்து நின்றவரோ, லிங்கனே பதவியிலிருந்து நீக்கிய சேனாதிபதி மக்கிளெல்லன்.

ஆகஸ்ட் 23-ம் தேதி லிங்கன் ஒரு காகிதத்தில் சில வரிகள் எழுதினார். தாம் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படுவது மிகவும் சந்தேகம் என்றும், அப்படித் தோற்றால் புதிதாக வருகிறவர் பொறுப்பேற்கும் வரையில் அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பாற்றுவது தம் கடமை என்றும் அதில் கண்டிருந்தது. காகிதத்தை மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே மந்திரிகள் அனைவரிடமும் முதுகுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்!

பத்தே நாளில் காட்சி மாறியது. செப்டம்பர் 2-ம் தேதி அட்லாண்டா நகரம் வடக்கத்திப் படையிடம் வீழ்ந்தது. விடிவு வருகிறது என்ற நம்பிக்கை வீடுகளில் பிறந்தது. நவம்பரில் லிங்கன் 212 தேர்தல் வோட்டுகள் பெற்றார். எதிராளிக்குக் கிடைத்தது 21.

கடல் தாண்டித் தந்தி வராத காலம் அது. மலை மேல் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள், கப்பல் கொண்டுவரும் கடிதத்துக்காகத் தவம் கிடந்திருப்பார்கள். இன்று நாத்தனார் நிமிஷத்துக்கு ஒரு தரம் செல்போனைப் பார்க்கிறாரே, அதே தவிப்புதான். திசைதான் வேறு.

பன்னிரண்டில் எட்டு

பழைய கதை இருக்கட்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் என்ன நடந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம்.

பதவியில் இருந்தபடியே நவம்பர் மாதத் தேர்தல் வரையில் களத்தில் நின்றவர்கள், 1948 முதல் 2020 முடிய, பன்னிரண்டு பேர். ஜெயித்தவர்கள் எட்டுப் பேர்: ட்ரூமன், ஐஸனோவர், ஜான்ஸன், நிக்ஸன், ரீகன், கிளிண்டன், இளைய புஷ், ஒபாமா. தோற்றவர்கள் நான்கு பேர்: 1976-ல் போர்டு, 1980-ல் கார்ட்டர், 1992-ல் மூத்த புஷ், 2020-ல் டிரம்ப்.

ஆகவே, நாற்காலியில் இருப்பவர் மீண்டும் வருவதற்கே சாத்தியம் அதிகம். அது இயற்கைதானே? பழகிய முகம், வேலை தெரிந்தவர் என்ற எண்ணம், தினமும் பத்திரிகையில் படம். புது வேலைக்காரியை வைத்துக்கொள்வதற்கு நாம் எவ்வளவு தயங்குகிறோம்!

ஆனால் அந்த நால்வர் ஏன் தோற்றார்கள்? இங்கேதான் குதிரைக்காரரின் 'இடுப்பு வலி' வருகிறது.

1980-ல் அமெரிக்காவில் விலைவாசி ஒரே வருஷத்தில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் ஏறியது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் பணயக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் பிடிபட்டது 1979 நவம்பர் 4. தேர்தல் நடந்தது 1980 நவம்பர் 4. சரியாக வருஷாந்தரம்! எதிர்த்து நின்ற ரீகன், தொலைக்காட்சி விவாதத்தில் ஒரே ஒரு கேள்வியை ஜனங்கள் முன் வைத்தார். நான்கு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இன்று உங்கள் நிலைமை மேலா என்று கேட்டார். அவ்வளவுதான். பல கோடிப் பேர் அவரவர் வீட்டு மளிகைக் கணக்கை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார்கள். கார்ட்டர் தோற்றார்.

மூத்த புஷ் கதை இன்னும் விசித்திரம். 1991-ல் வளைகுடா யுத்தம் ஜெயித்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேர் அவரை மெச்சினார்கள். மறு வருஷம் தேர்தல் வந்தபோது யுத்தம் மறந்துவிட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மறக்கவில்லை. புது வரி போடமாட்டேன் என்று சத்தியம் செய்து ஜெயித்தவர், 1990-ல் வரியை ஏற்றச் சம்மதித்ததும் மறக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது, ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல். அந்த வருஷம் டிரம்ப் தோற்றார்.

வீட்டுச் சண்டை வீதிக்கு வந்தால்

விலைவாசி மட்டும்தான் காரணமா? இல்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. குடும்பம் நடத்துகிற நமக்கு அது சட்டென்று விளங்கும்.

கொல்லைப்புறத்தில் சண்டை நடக்கிற வீடு வாசலில் கோலம் போட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். போர்டுக்கு எதிராக அவர் கட்சிக்குள்ளிருந்தே ரீகன் போட்டியிட்டார். கார்ட்டருக்கு எதிராக அவர் கட்சியின் எட்வர்டு கென்னடி கிளம்பினார். மூத்த புஷ்ஷுக்கு எதிராக அவர் கட்சியின் புகானன் நின்றார். மூவரும் உட்கட்சிப் போட்டியில் எப்படியோ தப்பினார்கள்; நவம்பரில் தோற்றார்கள். சொந்த ஆட்களே குறை சொன்ன பிறகு, அயலார் ஏன் சும்மா இருப்பார்கள்?

சில சமயம் குதிரை தானாகவே ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. 1952-ல் ட்ரூமன் இனி நிற்பதில்லை என்று அறிவித்தார். 1968-ல், வியட்நாம் யுத்தம் நாட்டைப் பிளந்தபோது, ஜான்ஸன் விலகினார். 2024 ஜூலை 21-ம் தேதி ஜோ பைடன் விலகினார். மூன்று தடவையும் அதே கட்சியில் வேறொருவரை நிறுத்தினார்கள். மூன்று தடவையும் அந்தக் கட்சி தோற்றது.

இந்த மூன்றாவது தடவை நமக்கும் நெருங்கியது. பைடனின் இடத்தில் நின்ற கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாருக்கு மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் பூர்வீகம். ஊர்க் கோயிலில் பூஜையும் பிரார்த்தனையும் நடந்தன. பலன் என்ன? 2022 ஜூன் மாதத்தில் அங்கே விலைவாசி நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஏற்றம் குறைந்தது என்றாலும், ஏறிய விலை இறங்கவில்லை. முட்டை வாங்குகிறவளுக்குப் புள்ளிவிவரமா தெரியும்? முட்டை விலைதான் தெரியும். ஜனாதிபதிக்கு வர வேண்டிய கோபம் உப ஜனாதிபதியின் மேல் விழுந்தது. டிரம்புக்கு 312 தேர்தல் வோட்டு, கமலாவுக்கு 226.

வைகை அணைப் பக்கம்

ஏரியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பை ஒட்டிப் போகும் பாதை. மூட்டம் விலகினால் கீழே பெரியகுளம் சமவெளி முழுதும் விரிந்து கிடக்கும். தெற்கே தூரத்தில் வைகை அணைத் தண்ணீர் கண்ணாடிச் சில்லு மாதிரி பளிச்சிடும். அந்த அணைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆண்டிபட்டி.

1984-ம் வருஷத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபரில் முதன் மந்திரி எம்.ஜி.ஆர். நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அதே மாதம் 31-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் முதல் வாரத்தில் எம்.ஜி.ஆரை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த நாளில்தான், நவம்பர் 6-ம் தேதி, அமெரிக்காவில் தேர்தல். ரீகன் ஐம்பது ராஜ்யங்களில் நாற்பத்தொன்பதை வாரிக்கொண்டு இரண்டாவது முறை ஜெயித்தார்.

டிசம்பர் 24-ம் தேதி தமிழ்நாட்டில் தேர்தல். முதன் மந்திரி ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதிக்கு நின்றார். அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தை அந்த மாதம்தான் அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். ஒரு கூட்டத்தில் கூட அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருக்கும் வீடியோப் படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். தாய்மார்கள் கோயில்களில் விளக்கேற்றினார்கள். அவர் ஆண்டிபட்டியில் ஜெயித்தார்; அவர் கட்சிக்கு 132 இடங்கள். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார்.

குதிரைக்காரரின் சூத்திரம் இங்கே பொய்த்துப் போயிற்றா? சவாரி செய்தவர்கள் தங்கள் இடுப்பைப் பார்க்காமல் குதிரையின் நோவைப் பார்த்தார்களே! எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்துணவுத் திட்டம் 1982-ல் தொடங்கியிருந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்த தாய், அந்த மனிதருக்காக விளக்கேற்றினாள். நன்றியும் ஒரு கணக்குத்தான். அத்துடன் பிரதமர் மறைந்த துக்கமும், காங்கிரஸோடு இருந்த கூட்டும் சேர்ந்துகொண்டன.

இதற்கு நேர்மாறான காட்சியும் தமிழ்நாடு கண்டதுதான். 1967-ல் அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் ஒரு பக்கம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கொந்தளிப்பு மறு பக்கம். முதன் மந்திரி பக்தவத்ஸலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜே, பள்ளிக்கூடங்களைத் திறந்து மதிய உணவு போட்ட காமராஜே, சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வோட்டில் தோற்றார். பத்து வருஷத்துக்கு முன் போட்ட சோறு பெரிதுதான். ஆனால் இன்று அடுப்பில் உலை கொதிக்கும்போது அரிசி இல்லையென்றால் யார்தான் பொறுப்பார்கள்?

1996-ல் ஜெயலலிதா முதன் மந்திரியாக இருந்தபடியே பர்கூரில் தோற்றார். அதே ஜெயலலிதா 2016-ல் ஆட்சியைத் தக்க வைத்துக்கொண்டபோது, தமிழ்நாட்டில் ஓர் ஆளுங்கட்சி அடுத்தடுத்து ஜெயித்தது முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை! அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இன்னும் கொஞ்சம் இரு' என்கிறார்கள். அந்த முப்பத்திரண்டு வருஷமும் தமிழர்கள் 'போய் வா' என்றே சொல்லி வந்தார்கள்.

ஜோஸ்யம் பலிக்காத இடம்

இத்தனை அடையாளங்களும் தெரிந்த பிறகு, யார் ஜெயிப்பார் என்று ஜோஸ்யம் சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 1948-ல் ட்ரூமன் தோற்பது நிச்சயம் என்றார்கள். 'சிக்காகோ ட்ரிப்யூன்' பத்திரிகை அவர் தோற்றதாகவே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த படம் உலகப் பிரசித்தம். நம் நாட்டில் 2004-ல் இந்தியா ஒளிர்கிறது என்றார்கள்; வாஜ்பாய் திரும்பி வருவார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கல், மொத்த வோட்டை எண்ணி ஜனாதிபதியை முடிவு செய்வதில்லை. ராஜ்யத்துக்கு இத்தனை என்று 538 தேர்தல் வோட்டுகள். 270 கிடைத்தால் வெற்றி. அநேகமாக எல்லா ராஜ்யங்களிலும் முதலில் வந்தவருக்கே அத்தனையும். 2020-ல் நாடு முழுவதும் எழுபது லட்சம் வோட்டு வித்தியாசம். ஆனால் ஜார்ஜியா, அரிஸோனா, விஸ்கான்ஸின் என்ற மூன்று ராஜ்யங்களிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 43,000-தான். அவை மறுபக்கம் சாய்ந்திருந்தால் இருவருக்கும் 269, 269 என்று சமமாகியிருக்கும்! 2000-ல் ஃப்ளாரிடாவில் வெறும் 537 வோட்டில் ஜனாதிபதி பதவியே நிர்ணயமாயிற்று. நம் காலனியில் நாலு தெரு ஜனம் கூட இல்லை.

அதனால்தான் கடல் கடந்து இருக்கிற அமெரிக்கர்களின் தபால் வோட்டுக்கும் மதிப்பு. 1975-ல் அதற்கென்று சட்டமே வந்தது. கோடைக்கானலில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஓர் அமெரிக்க வாத்தியாரம்மா, கடைசியாகத் தான் குடியிருந்த ராஜ்யத்துக்கு இங்கிருந்தே வோட்டு அனுப்பலாம். நம் நாத்தனாரின் பிள்ளைக்கோ இரு பக்கமும் இல்லை. அங்கே அவன் பிரஜை அல்ல; இங்கே, 2010-ல் சட்டம் திருத்திப் பெயர் பதிய வழி செய்தார்கள் என்றாலும், நேரில் வந்தால்தான் வோட்டு.

குதிரை முதுகில்

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது நாத்தனார் கடலைத் தோலைப் பொட்டலத்திலேயே சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அது சரி, நம்ம எலெக்ஷனிலே நீங்க வோட்டுப் போட்டேளா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"2024-லே நல்ல வெயில். க்யூ வேற தெருக்கோடி வரைக்கும். என் ஒருத்தி வோட்டாலே என்ன ஆகப் போறதுன்னு..." என்று இழுத்தார்.

குதிரைக்காரர் குதிரை சேணத்தைத் துடைத்தபடி சிரித்தார். "டால்பின் நோஸுக்குக் கீழே வெள்ளகெவின்னு ஒரு ஊர் இருக்கும்மா. ரோடு கிடையாது. ஒத்தையடிப் பாதைதான். எலெக்ஷன் வந்தா வோட்டு மெஷினை எதிலே கொண்டு போனாங்கங்கறீங்க? குதிரை மேலேதான். ஆபீசருங்க கூடவே நடந்து இறங்குவாங்க. அந்த ஊர்லே இருக்கிறதே கொஞ்சம் சனந்தான். அவங்க வோட்டுக்காகத்தான் அம்புட்டும்."

அது நிஜம். சமீப காலத் தேர்தல்களில் பத்திரிகைகள் படம் போட்ட சமாசாரம்தான். ஊர்க்காரர்கள் வோட்டுப் போட வரவேண்டியதில்லை. வோட்டே குதிரை ஏறி அவர்களைத் தேடிப் போயிற்று.

நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. தூரத்தில் டெக்ஸாஸ் இருக்கும் திசையை விட்டுவிட்டு, மூட்டத்துக்குள் மறைந்திருந்த மலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு வந்த குதிரையை அவர் மனசு பார்த்துக்கொண்டிருந்தது போலும். வெகு நேரம் கழித்து, "எங்க பூத்து வீட்டுக்கு எதிர் ஸ்கூல்தான்" என்றார், யாரிடமோ ஒப்புக்கொள்கிறவர் போல.

அதற்குள் டக் டக்கென்று குளம்புச் சத்தம். சவாரி முடிந்து பேத்தி வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. குதிரைக்காரர் அவளைத் தூக்கி இறக்கினார்.

"என்ன பாப்பா, ரெண்டாவது ரவுண்டு போறியா?"

"போறேனே!" என்றாள் குழந்தை. பிறகு வெள்ளைக் குதிரையை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"ஆனா அந்தக் கறுப்புக் குதிரையிலே!"